சுரங்கப்பாதையில் நாற்பது நிமிடம்: ஒருவரும் ஏன் நிற்கவில்லை?

கேள்வி, பிப்ரவரி 2

பதினாறு வருடமாக வயலின் வாசிக்கிறேன். போன வாரம் காலை நேரத்தில் ஒரு சுரங்கப்பாதையில் நாற்பது நிமிடம் வாசித்தேன். டிக்கெட் கிடையாது, உண்டியல் கிடையாது. ஒருவர்கூட நிற்கவில்லை. இலவசமாகக் கொடுப்பதற்கு மதிப்பு இருக்காது என்று என் ஆசிரியர் சொன்னது சரி என்றே படுகிறது. இசைக்கு அரங்கம்தான் இடம், மற்றதெல்லாம் ஆசை. மறுப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பிப்ரவரி 2, இரவு

மறுக்கிறேன். ஆனால் முதலில் ஒன்று சொல்லுங்கள்: எங்கே நின்று வாசித்தீர்கள்? நுழைவாயிலிலா, படிக்கட்டின் அடியிலா, நடுப்பாதையிலா, திருப்பத்திலா? முதுகுக்குப் பின்னால் சுவர் இருந்ததா? யாராவது நிற்க நினைத்திருந்தால் எங்கே நின்றிருப்பார்? இது தெரியாமல் மதிப்பு, மரியாதை என்று பேச எனக்கு மனமில்லை.

ஆறு வருடமாக நாங்கள் ஐந்து பேர் இப்படி வாசித்து வருகிறோம். மேம்பாலத்தின் அடி, பல மாடி பார்க்கிங்கின் மேல்தளம், தண்ணீர் வற்றிய பழைய தொட்டி, அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே உள்ள முற்றம். ஒரு முறை, பாதி கட்டி நின்றுபோன கட்டடத்தின் படிக்கட்டிலும் வாசித்தோம். நான் புல்லாங்குழல். யாருமே நிற்காத நாள் எனக்கும் நிறைய உண்டு.

பிப்ரவரி 3

நீங்கள் சொன்னது முன்பே நடந்த கதைதான். 2007 ஜனவரி 12, வெள்ளிக்கிழமை காலை, வாஷிங்டனில் லான்ஃபான்ட் பிளாசா மெட்ரோ நிலைய வாசலில் உலகப் புகழ்பெற்ற வயலின் கலைஞர் ஜோஷுவா பெல் வாசித்தார். கையில் 1713இல் செய்த ஸ்ட்ராடிவாரியஸ் வயலின். தலையில் தொப்பி, சாதாரண உடை. 43 நிமிடத்தில் அவரைக் கடந்து போனவர்கள் 1,097 பேர். ஒரு நிமிடமாவது நின்று கேட்டவர்கள் ஏழு பேர். ஒரு பத்திரிகை ஏற்பாடு செய்த சோதனை அது. அன்றிலிருந்து ‘மக்களுக்குக் காது இல்லை’ என்பதற்குச் சாட்சியாக இதைத்தான் எல்லோரும் இழுக்கிறார்கள்.

எனக்கு அது வேறு ஒன்றுக்குச் சாட்சி. நேரம் காலை எட்டு மணிக்குப் பத்து நிமிடம் முன்பு. அலுவலகம் போகிற கூட்டம். இடம் நகரும் படியிலிருந்து கதவுக்குப் போகும் வழி. அங்கே ஒருவர் நின்றால் பின்னால் வருபவர் அவர்மேல் மோதுவார். நிற்க முடியாத இடத்தில் நிற்கவில்லை என்று ஆயிரம் பேரைக் குறை சொல்வது நியாயமா?

அதே பெல் 2014இல் அதே நகரத்தின் யூனியன் ஸ்டேஷன் பெரிய கூடத்தில், இளம் மாணவர்களோடு சேர்ந்து வாசித்தார். முன்கூட்டியே அறிவித்துவிட்டு. கூடம் நிரம்பி வழிந்தது. அதுவும் இலவசம்தான், அதுவும் ரயில் நிலையம்தான். இந்த இரண்டாவது கதையை யாரும் சொல்வதில்லை.

பிப்ரவரி 3, சற்று நேரம் கழித்து

ஒன்று விட்டுப்போயிற்று. அந்த 2007 காலையில், கடந்து போன குழந்தைகள் ஒவ்வொருவரும் நின்று பார்க்க முயன்றார்கள். ஒவ்வொரு முறையும் பெரியவர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். குழந்தைக்கு எட்டு மணி அலுவலகம் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

பிப்ரவரி 5

இடம் பார்ப்பது எப்படி என்று கேட்டீர்கள். நான் செய்வதைச் சொல்கிறேன்.

முதல் நாள் வாத்தியம் எடுத்துப் போவதில்லை. வெறுங்கையோடு போய்க் கை தட்டுவேன். ஒரே ஒரு தட்டு, அப்புறம் காத்திருப்பேன். அந்தத் தட்டு எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கிறது, எந்தப் பக்கத்திலிருந்து திரும்பி வருகிறது, திரும்பும்போது அடர்த்தியாக வருகிறதா, தகரம் மாதிரி வருகிறதா என்று கேட்பேன். நான்கு அடி தள்ளி நின்று இன்னொரு தட்டு. பார்ப்பவர்கள் புறா விரட்டுகிறேன் என்று நினைப்பார்கள். ஒரு பாட்டி வந்து “என்னப்பா தொலைச்ச?” என்று என்னோடு சேர்ந்து தேடவே தொடங்கிவிட்டார். அவர் பிறகு எங்கள் மேம்பால நிகழ்ச்சிகளில் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.

எங்கள் மேம்பாலத்தின் அடியில் மூன்றாவது தூணுக்கும் நான்காவது தூணுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. அங்கே தட்டினால் இரண்டு விநாடிக்கு மேல் ஒலி தங்கும். பக்கத்துச் சந்தி சிவப்பு விளக்கில் நிற்கும்போது போக்குவரத்து ஓய்ந்து, முப்பது விநாடி போல ஒரு அமைதி வரும். அந்த முப்பது விநாடியில் குழலின் கீழ் ஸ்தாயி ஸட்ஜத்தை, அதாவது தணிந்த ‘ஸ’வைப் பிடித்தால், வாசித்து நிறுத்திய பிறகும் தூண்களுக்கு நடுவே அது நின்றுகொண்டிருக்கும். எந்த அரங்கத்திலும் எனக்குக் கிடைக்காத ஸட்ஜம் அது.

சுருக்கமாகச் சொன்னால், ஒலி நன்றாகத் திரும்பும் இடமாகப் பாருங்கள்.

பிப்ரவரி 6

மேலே கடைசி வரியைத் திருத்துகிறேன். நேற்று எழுதியதை எங்கள் மிருதங்கக்காரர் படித்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டார். “உன் குழலுக்கு அது சொர்க்கம். எனக்கு அங்கே நாலு பேர் சேர்ந்து வாசிக்கிற மாதிரி கேக்குது. நாலு பேருக்கும் தாளம் தப்புது.”

அவர் சொல்வது உண்மை. முழக்கம், அதாவது தட்டிய பிறகும் தங்கும் ஒலி, நீண்ட இடத்தில் நீண்ட ஸ்வரங்களும் மெதுவான காலமும் மட்டுமே பிழைக்கும். வேகமான சொற்கட்டு வாசித்தால் ஒரு அடியின் வால்மேல் அடுத்த அடி விழும். மிருதங்கத்துக்கு முழக்கம் குறைந்த இடம், அதாவது மூன்று பக்கம் சுவரும் மேலே வானமும் உள்ள முற்றம், மிகவும் நன்றாக இருக்கும். அதனால் வாத்தியத்துக்கு இடம் தேடாதீர்கள். இடத்துக்கு வாத்தியம் தேடுங்கள். நாங்கள் இதைக் கற்க இரண்டு வருடம் ஆயிற்று. அதுவரை எல்லா இடத்திலும் ஒரே ஐந்து பேர், ஒரே வரிசை, ஒரே பாட்டு.

வயலினுக்குச் சுரங்கப்பாதை பொருந்தும். ஆனால் ஓடு பதித்த சுவரில் மேல் ஸ்தாயி கூர்மையாகத் திரும்பி வந்து காதைக் குத்தும். நீங்கள் எந்த ஸ்தாயியில் வாசித்தீர்கள்?

பிப்ரவரி 9

எங்கே நின்றீர்கள் என்பதற்கு உங்கள் பதில் வந்தது: “படிக்கட்டு முடியும் இடத்தில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி.” அங்கேதான் சிக்கல். படி இறங்கி முடிக்கிறவரின் கண் காலைப் பார்த்துக்கொண்டிருக்கும். பின்னால் கூட்டம் தள்ளும். உங்களைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரு விநாடி பார்த்திருப்பார்கள், அதற்குமேல் முடிந்திருக்காது.

லண்டன் சுரங்க ரயிலில் 2003 முதல் உரிமம் வாங்கிய கலைஞர்கள் வாசிக்கிறார்கள். அவர்களுக்கென்று தரையில் அரைவட்டம் வரைந்து இடம் குறித்திருக்கிறார்கள். எனக்கு அந்த அரைவட்டம் மிகவும் பிடித்த விஷயம். வாசிப்பவருக்கு இது உன் இடம் என்கிறது, நடப்பவருக்கு இந்தக் கோட்டுக்கு வெளியே தாராளமாக நடக்கலாம் என்கிறது. நியூயார்க்கில் 1985இலிருந்தே சுரங்க ரயில் நிர்வாகம் தேர்வு வைத்துக் கலைஞர்களைச் சேர்த்து, நிலையங்களில் இடமும் நேரமும் ஒதுக்குகிறது. இரண்டு ஊரிலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து, மக்கள் எங்கே திரும்புகிறார்கள், எங்கே தேங்குகிறார்கள் என்று பார்த்திருக்கிறார்.

பிப்ரவரி 10

நிற்பது என்பதற்கு ஓர் அடையாளம் சொல்கிறேன். கால் நின்றால் போதாது, கையைப் பாருங்கள். வந்தவர் தோள் பையை இறக்கித் தரையில் வைத்தால் அவர் நின்றுவிட்டார். பை தோளிலேயே இருந்தால் அவர் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறார். பையை வைக்கத் தரை சுத்தமாக இருக்க வேண்டும். அதனால் நாங்கள் வாசிக்கும் முன் எங்கள் இடத்தை மட்டும் அல்லாமல் எதிரே பத்தடி தூரத்தையும் பெருக்குகிறோம். துடைப்பம் எங்களுக்கு ஆறாவது வாத்தியம்.

பிப்ரவரி 14

காற்று. இதைப்பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை.

குழல் வாசிக்கும்போது உதட்டிலிருந்து போகும் மூச்சு, துளையின் எதிர் விளிம்பில் பட்டுப் பிளந்தால்தான் நாதம். பக்கவாட்டில் காற்று வீசினால் அந்த மெல்லிய மூச்சு விளிம்புக்குப் போய்ச் சேராது. பார்க்கிங் மேல்தளத்தில் முதல் நிகழ்ச்சியில் எனக்கு இப்படித்தான் ஆயிற்று. விரல் சரி, மூச்சு சரி, சத்தமே வரவில்லை. முன்னால் நாற்பது பேர். நான் குழலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். கடைசியில் வயலின்காரர் எழுந்து வந்து, வாசித்தபடியே எனக்கும் காற்றுக்கும் நடுவே நின்றுகொண்டார். ஒரு மணி நேரம் அப்படியே நின்றார். அந்த நன்றி எனக்கு இன்னும் தீரவில்லை. இப்போது மேல்தளம் என்றால் லிஃப்ட் அறையின் சுவரை ஒட்டி, காற்றுக்கு முதுகு காட்டித்தான் உட்காருகிறேன்.

மைக் வைப்பவர்களுக்கும் காற்று எதிரிதான். 1969 ஜனவரி 30 அன்று பீட்டில்ஸ் இசைக்குழுவினர் லண்டனில் சவில் ரோ தெருவில் தங்கள் கட்டடத்தின் மொட்டை மாடியில் வாசித்தார்களே, அன்று நல்ல குளிர், நல்ல காற்று. ஒலிப்பதிவில் உதவியாளராக இருந்த ஆலன் பார்சன்ஸைக் கடைக்கு அனுப்பிப் பெண்கள் அணியும் மெல்லிய காலுறை வாங்கி வரச் சொன்னார்கள். அதை மைக்குகளுக்கு மாட்டிக் காற்றை மறைத்தார்கள். நாங்களும் அதே முறையைச் செய்து பார்த்தோம், நன்றாக வேலை செய்கிறது. அந்த 42 நிமிடமும் இலவசம்தான். கீழே தெருவில் நின்றவர்களுக்கு வாசிப்பவர்கள் கண்ணில் படவில்லை, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் போலீஸ் மாடி ஏறி வந்தது.

பிப்ரவரி 15

மைக் பற்றிச் சொன்னதால்: என் கட்சி மைக் கூடாது என்பது. மைக் வந்தால் மேடை வரும், மேடை வந்தால் எதிரே வரிசை வரும், அப்புறம் அது இன்னோர் அரங்கம், கூரை மட்டும் இல்லை. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி பாதியாகும். அதனால் கேட்க ஆசைப்படுபவர் கிட்டே வருவார். அந்த நெருக்கம்தான் எனக்கு வேண்டும்.

பிப்ரவரி 15, இரவு

திருத்தம். தூரம் இரட்டித்தால் ஒலியழுத்தம்தான் பாதியாகிறது, அதாவது 6 டெசிபல் குறைகிறது. காதுக்குப் பாதி என்று தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் குறைய வேண்டும். ஆக நான் சொன்ன அளவுக்கு வேகமாகத் தேய்வதில்லை. பின்னால் ஒரு சுவர் இருந்தால் இன்னும் கொஞ்சம் தாங்கும்.

பிப்ரவரி 22

மைக் பற்றிய என் கட்சியில் ஒரு ஓட்டை இருக்கிறது. போன வருடம் நடந்ததை இன்றுதான் எழுத மனம் வந்தது.

முற்றத்தில் வாசித்தோம். நான்கு பக்கம் நான்கு மாடி வீடுகள். தரைத்தளத்தில் சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர், வாசலை விட்டு வெளியே வர முடியாது, நான்கு படி இருக்கிறது. நாங்கள் முற்றத்தின் மறுகோடியில், முழக்கம் நன்றாக இருக்கிறது என்று ஒரு மூலையைப் பிடித்திருந்தோம். கிட்டே வர ஆசைப்படுபவர் கிட்டே வருவார் என்பது என் கொள்கை அல்லவா. அவர் கையைக் காதுக்குப் பின்னால் குவித்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் அவர் மகள் வந்து, “அப்பாவுக்கு மிருதங்கம் மட்டும் கேட்டுதாம், ரொம்ப சந்தோஷமாம்” என்றார்.

அந்தச் சந்தோஷம் எனக்கு வலித்தது. அடுத்த முறை அவர் வாசலுக்குப் பத்தடி முன்னால் உட்கார்ந்தோம். மூலையின் முழக்கம் போயிற்று, போகட்டும். எல்லோராலும் கிட்டே வர முடியாது என்பதை நான் யோசித்திருக்கவே இல்லை. இப்போது சிறிய ஸ்பீக்கர் ஒன்று எங்களிடம் இருக்கிறது. தேவை இருக்கும் பக்கம் மட்டும் அதைத் திருப்பி வைக்கிறோம்.

பிப்ரவரி 25

தூரம் பற்றிப் பேசியதில் ஒரு விளையாட்டு நினைவுக்கு வந்தது. ஒலி ஒரு விநாடிக்கு 343 மீட்டர்தான் போகும், அதுவும் 20 டிகிரி வெப்பத்தில். நடைமேம்பாலத்தின் இரண்டு முனையிலும் ஒருவர் ஒருவராக நின்று சேர்ந்து வாசிக்கலாம் என்று ஒரு யோசனை எனக்கு, செய்தும் பார்த்தோம். நடுவே 80 மீட்டர். என் ஸ்வரம் அவரை அடையக் கால் விநாடிக்குச் சற்றுக் குறைவு, அவர் பதில் என்னை வந்தடைய இன்னொரு கால் விநாடி. ஒவ்வொருவருக்கும் மற்றவர் இழுக்கிறார் என்று தோன்றும். அவருக்காக நான் மெதுவாக்க, எனக்காக அவர் மெதுவாக்க, பத்து நிமிடத்தில் மத்திம காலம் விளம்ப காலமாகி, பிறகு நின்றேபோயிற்று. நடுவே நின்றவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். நாங்களும்தான்.

பிறகு தாளத்தை விட்டுவிட்டோம். ஒருவர் ஒரு பிடி ஆலாபனை, மற்றவர் காத்திருந்து பதில். நடுவில் நடந்து போகிறவருக்கு ஒருவர் தேய, மற்றவர் வளர்வார். பாலத்தை ஒரு முறை கடந்தவர்கள் திரும்பி நடந்து வந்தார்கள், அதைக் கேட்பதற்காகவே. அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் லூதர் ஆடம்ஸ் 2009இல் ஒன்பது முதல் தொண்ணூற்றொன்பது தாள வாத்தியக்காரர்கள் வரை திறந்த வெளியில் பரந்து நின்று வாசிக்க என்றே ‘இனுக்சூட்’ என்ற படைப்பை எழுதினார். கேட்பவர்கள் அவர்களுக்கு நடுவே நடக்கலாம். ஒவ்வொருவரும் கேட்பது வேறு வேறு. எங்கள் பாலத்துக்கு அதில் பாதி யோசனை இருந்தது என்பதில் எனக்குச் சந்தோஷம்.

மார்ச் 1

அனுமதி பற்றிக் கேட்டவருக்கு: கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். ஓர் அலுவலகம் எங்களுக்கு வாய்வார்த்தையாகச் சரி என்றது. மாலையில் காவலாளி வந்து மூன்றாவது பாட்டின் நடுவில் எழுப்பிவிட்டார். அவர்மேல் தப்பில்லை, அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால் காகிதம் இருந்தும் அங்கே குடியிருப்பவர்களைக் கேட்காமல் போனால் அது திணிப்பு. டிக்கெட் வாங்கி வந்தவர் தானாக வந்தவர். தன் ஜன்னலுக்குக் கீழே இசை வந்து உட்கார்ந்தவருக்கு வேறு வழி இல்லை. நாங்கள் ஒரு வாரம் முன்பே வீடு வீடாகப் போய், எத்தனை மணிக்கு ஆரம்பம், எத்தனை மணிக்கு முடிவு என்று சொல்கிறோம். சின்னக் குழந்தை தூங்கும் நேரம், பரீட்சை, இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர், இதெல்லாம் அப்படிப் போனால்தான் தெரியும்.

மார்ச் 4

இதிலும் எனக்கு ஒரு அடி விழுந்தது. பக்கத்து வீடுகள் எல்லாம் சரி என்றன. புகார் வந்தது முன்னூறு மீட்டர் தள்ளி உள்ள ஒரு கட்டடத்திலிருந்து. பகலில் ஒத்திகை பார்த்தபோது அங்கே எதுவும் கேட்கவில்லை, நானே போய் நின்று பார்த்தேன்.

காரணம் பிறகு புரிந்தது. வெயில் நேரத்தில் தரையை ஒட்டிய காற்று சூடு, மேலே குளிர்ச்சி. ஒலி மேல்நோக்கி வளைந்து தப்பிவிடும். வெயில் போனதும் தரை சீக்கிரம் குளிர்கிறது. இப்போது கீழே குளிர்ந்த காற்று, மேலே சூடான காற்று. ஒலி கீழ்நோக்கி வளைந்து தொலைவில் போய் இறங்கும். ஆக ஒத்திகையை நிகழ்ச்சி நடக்கும் அதே நேரத்தில் பாருங்கள். புகார் கொடுத்தவரைப் போய்ப் பார்த்தேன். சத்தம் பெரிதாக இல்லையாம், எங்கிருந்து வருகிறது என்று தெரியாததுதான் அவருக்குத் தொந்தரவாக இருந்திருக்கிறது.

மார்ச் 7

வெயிலைப் பேசியதால் சுருதி. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் குழலின் சுருதி ஏறத்தாழ 3 சென்ட் ஏறும். சென்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு. பத்து டிகிரி என்றால் அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதே வெயிலில் வயலினின் உலோகத் தந்தி இளகிச் சுருதி இறங்கும். மாலைப் பனியில் மிருதங்கத்தின் தோல் ஈரம் குடித்துத் தளரும். மூவரும் மூன்று திசை. பாட்டுக்குப் பாட்டு நின்று சேர்த்துக்கொள்கிறோம், மிருதங்கக்காரர் கல்லை எடுத்துத் தட்டுவதை எதிரே குழந்தைகள் ஒரு தனி நிகழ்ச்சி மாதிரி பார்ப்பார்கள். அரங்கத்தில் மறைக்கிற வேலையை இங்கே மறைக்க வேண்டியதில்லை.

நாதசுரத்தையும் தவிலையும் நினைத்துப் பாருங்கள். திறந்த வெளிக்கென்றே வளர்ந்த ஜோடி. மைக் என்ற சொல் பிறக்கும் முன்பே தெருவின் மறுகோடிக்குப் போய்ச் சேர்ந்தவை.

மார்ச் 12

கொஞ்சம் வழி மாறுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நகரமே வாத்தியமான கதைகள்.

1922 நவம்பர் 7 அன்று, இன்றைய அஜர்பைஜானின் பாகு நகரத்தில் ஆர்செனி அவ்ராமோவ் என்பவர் தொழிற்சாலைச் சங்குகள், கப்பல் ஊதல்கள், ரயில் என்ஜின்கள் எல்லாவற்றையும் வைத்து ஒரு நிகழ்ச்சி நடத்தினார். நடத்துநர் கோபுரத்தின்மேல் நின்று கொடி காட்டினார். டிக்கெட் கேட்டிருந்தாலும் யாரிடம் கேட்பது, ஊர் முழுவதும் அதற்குள் இருந்தது.

அதற்கு நேர் எதிர், குரோவேஷியாவின் ஸாதர் நகரம். போருக்குப் பிறகு அவசரமாகக் கட்டிய வெறும் கான்கிரீட் சுவராகக் கிடந்த கரை. 2005இல் நிகோலா பாஷிச் என்ற கட்டடக் கலைஞர் அங்கே 70 மீட்டர் நீளத்துக்குக் கல் படிகள் அமைத்து, உள்ளே 35 குழாய்கள் வைத்தார். அலை உள்ளே காற்றைத் தள்ள, படிகளின் துளை வழியாக இசை வரும். வாசிப்பவர் இல்லை, நேரம் இல்லை, முடிவு இல்லை. உட்கார வசதியான படி மட்டும் இருக்கிறது. மக்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் படியின் உயரம் எவ்வளவு என்று எனக்கு அளந்து பார்க்க ஆசை.

மார்ச் 13

1717 ஜூலை 17, தேம்ஸ் நதி. இங்கிலாந்து அரசர் ஒரு படகில், இசையமைப்பாளர் ஹாண்டலின் ஐம்பது வாத்தியக்காரர்கள் இன்னொரு படகில். ஒரு மணி நேர இசையை அரசர் மூன்று முறை வாசிக்க வைத்தார். இசை அரசருக்காக. ஆனால் நதி நிறையப் படகுகள் கூடவே வந்தன. திறந்த வெளியில் ஒருவருக்கு மட்டும் என்று வாசிக்க முடியாது. வாசித்தவர்களின் உதட்டை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது, மூன்று மணி நேரம்!

மார்ச் 20

இலவசம் என்ற சொல்லுக்கு வருகிறேன். உங்கள் ஆசிரியர் சொன்னதில் பாதியை இப்போது ஒப்புக்கொள்கிறேன். முதல் பதிலிலேயே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

கேட்பவருக்கு இலவசம் என்பது வேறு, வாசிப்பவருக்குக் கூலி இல்லை என்பது வேறு. முதல் மூன்று வருடம் நாங்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டோம். எங்களில் நால்வருக்கு வேறு வேலை இருக்கிறது. மிருதங்கக்காரருக்கு வாசிப்புதான் வாழ்க்கை. அவர் எங்களோடு வந்த மாலைகளில் எத்தனை அழைப்புகளை விட்டிருப்பார் என்று நாங்கள் கேட்டதே இல்லை, அவரும் சொன்னதில்லை. இப்போது மற்ற நால்வரும் மாதம் ஒரு தொகை போட்டு, வேலை இல்லாமல் இதையே நம்பி இருப்பவருக்குக் கொடுத்துவிடுகிறோம். அவருக்குத் தர முடியாத மாதம் நிகழ்ச்சி இல்லை.

பிரான்சில் 1982 ஜூன் 21 அன்று தொடங்கிய இசை நாள் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது. தெரு, சந்தி, முற்றம் எல்லாம் இலவசம், தொடக்கக்காரர்களும் தேர்ந்தவர்களும் ஒரே நாளில். அமைச்சர் ஜாக் லாங், இசைத் துறையைப் பார்த்துக்கொண்ட மோரிஸ் ஃப்ளூரே இருவரும் கொண்டுவந்தது. அரசு துணை நின்றதால் அது நிலைத்தது. வருடத்தில் ஒரு நாள் ஆசைக்காக வாசிக்கலாம். வாராவாரம் என்றால் யாராவது கணக்குப் போடத்தான் வேண்டும்.

மார்ச் 28

நிற்பதைப் பற்றி நான் எழுதியதையும் மாற்ற வேண்டியிருக்கிறது.

மேம்பாலத்தின் அடியில் வியாழக்கிழமைதோறும் கூரியர் பை மாட்டிய ஓர் இளைஞர் கடந்து போவார். ஒரு நாளும் நின்றதில்லை. காதில் கம்பி இருக்கும். போன இரண்டு வாரம் எனக்குக் காய்ச்சல், மற்றவர்கள் மட்டும் வாசித்தார்கள். நேற்று வந்து வாத்தியப் பையைத் திறக்கிறேன், அவர் நடையைக் குறைக்காமலே, “அண்ணே, ரெண்டு வாரமா அந்த நீளமா நிக்கிற சத்தம் இல்லையே?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தக் கீழ் ஸட்ஜம்.

பை தரையில் இறங்கினால்தான் கேட்டார் என்று பிப்ரவரி 10 அன்று எழுதினேன். அவருக்குப் பை இறக்க நேரமில்லை, ஆனால் ஸ்வரத்தின் நீளம் வரை தெரிந்திருக்கிறது. அந்த 1,097 பேரிலும் இப்படி எத்தனை பேர் என்று இரவு முழுவதும் யோசித்தேன்.

ஏப்ரல் 3

கலைஞர் லூக் ஜெராம் 2008இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் தெருவெங்கும் 15 பியானோக்களை வைத்தார், யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்று. பிறகு பல ஊர்களுக்குப் போயிற்று. அந்த யோசனை அவருக்கு வந்தது துணி துவைக்கும் கடையில். வாராவாரம் அதே ஆட்கள், ஆனால் யாரும் யாருடனும் பேசுவதில்லை. நடுவே ஒரு பியானோ இருந்தால் பேசுவார்களே என்று தோன்றியிருக்கிறது. எங்கள் மேம்பாலப் பாட்டியும் அந்தக் கூரியர் இளைஞரும் இப்போது ஒருவரைப் பார்த்து ஒருவர் தலையசைக்கிறார்கள்.

ஏப்ரல் 8

கேள்வி கேட்டவருக்கு: உங்கள் சுரங்கப்பாதைக்கு நேற்று மாலை போய் வந்தேன். கை தட்டிப் பார்த்தேன். படிக்கட்டின் அடியில் ஒலி தகரம்தான். இருபது அடி உள்ளே பாதை இடதுபக்கம் திரும்புகிறது இல்லையா, அந்தத் திருப்பத்தில் ஓடு இல்லாத பழைய கல் சுவர், முன்னால் முழங்கால் உயரத்துக்கு ஒரு திட்டு. ஒலி வட்டமாகத் திரும்புகிறது. நடப்பவர்கள் உங்களைப் பார்ப்பதற்குப் பத்து விநாடி முன்பே கேட்கத் தொடங்குவார்கள். நிற்பதா என்று முடிவு செய்ய அந்தப் பத்து விநாடி வேண்டும். காலை வேண்டாம், மாலை ஆறுக்குப் பிறகு. உங்கள் வயலினின் மிகத் தணிந்த ஜி தந்தியில், மெதுவாக.

ஏப்ரல் 17

வந்திருந்தேன், திட்டின் ஓரத்தில். நீங்கள் கண்ணை மூடி வாசித்ததால் பார்த்திருக்க மாட்டீர்கள். முதல் பன்னிரண்டு நிமிடம் யாரும் இல்லை. அப்புறம் பள்ளிப் பையோடு ஒரு பையன் திட்டில் உட்கார்ந்தான், பையை மடியில் வைத்துக்கொண்டு. இரண்டு பெண்கள் திருப்பத்தில் பேச்சை நிறுத்தி, கடந்து, பாதையின் அந்தக் கோடியில் போய் நின்றுகொண்டார்கள். முப்பதாவது நிமிடம் ஒருவர் இரண்டு கையிலும் கனமான பைகளோடு வந்தார். ஒன்றைத் தரையில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றையும் வைத்தார். கையை உதறி, விரல்களை நீவிவிட்டுக்கொண்டே நீங்கள் முடிக்கும் வரை இருந்தார்.

அடுத்த வியாழன் அதே இடம், ஆறேகால். நான் குழலோடு வருகிறேன். மிருதங்கம் வேண்டாம், திருப்பத்தில் முழக்கம் அதிகம். நீங்கள் நின்ற இடத்துக்கு நேர் மேலே விளக்குக் குழல் ஒன்று ரீங்காரம் போடுகிறது, உங்கள் சுருதிக்கு ஒரு இழை கீழே. இரண்டடி வலப்பக்கம் தள்ளி உட்காருவோம். துடைப்பம் என்னிடம் இருக்கிறது.